வண்டி வந்த தேதி

ஆஸ்பத்திரி ஸ்டோரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். குன்றாண்டார்கோவில் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்ததோடு சரி. ஸ்டோரில் வேலை பார்த்த இருபத்தாறு வருஷமும் நான் எழுதியதெல்லாம் எண்களும் தேதிகளும்தான். அதனால் எண்கள் ஒழுங்காக நிற்கும். எழுத்துகள்தான் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம் உண்டு. பிழைகளை நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். இதில் வருகிற கிழமைகளை மட்டும் திருத்த வேண்டாம். அவை கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் நோட்டைப் பார்த்து எழுதியவை.

நான் வேலையை விட்டு நின்ற அன்றைக்கு எனக்கு ஒரு சால்வை போட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். எழுந்து கும்பிட்டேன், உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் பார்க்கும்போது எனக்கு வாய் வராது. அப்போது மேடம்தான் என் பக்கத்தில் குனிந்து, "பேச வராட்டி எழுதிக் குடுங்கண்ணே. பொங்கலுக்குள்ள குடுத்துருங்க. புதுசா வர்றவுகளுக்கு நான் படிச்சுக் காட்டுறேன்" என்றார். சரி என்றேன்.

மேடம் என்றால் உங்கள் ஸ்டோர் இன்சார்ஜ், ஆவூர்க்காரர். என் மூத்த மகளைவிட ஒரு வயது சின்னவர். தன் பேரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் வேலை கற்றுக்கொண்டது அவரிடம்தான். என்னடா இது, இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவன் நாலு வருஷத்துக்கு முன்னால் வந்த பிள்ளையிடமா கற்றுக்கொண்டான் என்று உங்களுக்குத் தோன்றலாம். படித்துப் பாருங்கள்.

மருந்தை எப்படி அடுக்குவது, எதைக் குளிர்பெட்டியில் வைப்பது, காலாவதியை எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் அவர் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார். நான் எழுதப்போவது டயாலிசிஸ் கேன்களைப் பற்றி.

நம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மிஷின் எட்டு. ஒரு ஆளுக்கு ஒரு தடவை ஓட்டினால் கேன் இரண்டு தீரும். ஒன்றில் ஒரு கரைசல், இன்னொன்றில் வேறு கரைசல். இரண்டும் இருந்தால்தான் மிஷின் ஓடும். ஒரு கேன் பத்து லிட்டர். தூக்கினவர்களுக்குத் தெரியும் அதன் கனம். கேன் தீர்ந்துவிட்டால் டாக்டர் இருந்தும், மிஷின் இருந்தும், கரண்ட் இருந்தும் ஒன்றும் நடக்காது. கிட்னி போனவருக்கு அடுத்த முறை என்பது தள்ளிப்போடக் கூடிய விஷயம் இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை, மூன்று முறை, அதே கிழமையில் வந்தாக வேண்டும்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் கோட்டைப்பட்டினம் காதர் அண்ணன். நாற்பது வருஷம் கடலில் விசைப்படகு ஓட்டியவர். செவ்வாயும் வெள்ளியும் அவருடைய முறை. முதல் பஸ்ஸில் மனைவியோடு ஏறி, அறந்தாங்கியில் மாறி, ஒன்பது மணிக்கெல்லாம் ஸ்டோர் வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்.

"என்ன கேன் ராசா, சமஸ்தானம் எப்படி இருக்கு?" என்பார்.

"இருக்குண்ணே."

"இந்த ஆளு வாயில ஒரு வார்த்தைக்கு மேல வராது போல. வலையில மாட்டுன மீனாவது கூடக் கொஞ்சம் துள்ளும்."

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பார். காதர் அண்ணனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் தண்ணீர்தான் என்று டாக்டர் அளவு சொல்லியிருந்தார். "தண்ணியிலேயே பொழச்சவனுக்கு வந்த வாழ்வப் பாருய்யா" என்று அவரே சொல்லிக்கொள்வார். இவரிடம் மட்டும் எனக்குக் கூச்சம் கொஞ்சம் குறைவு.

இனி கேன் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். சப்ளை செய்தவை இரண்டு கம்பெனிகள். பேர் வேண்டாம். ஒன்று திருச்சிப் பக்கம், ஒன்று மதுரைப் பக்கம். பாதி ஆர்டர் இவர்களுக்கு, பாதி அவர்களுக்கு.

திருச்சி வண்டியின் டிரைவர் செல்வம். நல்ல பிள்ளை, ஆனால் எப்போதும் தாமதம். திங்கள்கிழமை வர வேண்டிய வண்டி புதன்கிழமை வரும். அது அவன் குற்றம் இல்லை. முதலாளி வழியில் வேறு சரக்கு ஏற்றி, அதையெல்லாம் இறக்கிவிட்டுத்தான் நம்மிடம் அனுப்புவார். ஆனால் தாமதம் என்று நம் பக்கம் பதிவானால் கம்பெனியில் கேள்வி செல்வத்துக்குத்தான். வந்ததும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான்.

"அண்ணே, ஒரு தேதி குடுங்கண்ணே. இல்லாட்டி என்னைய வண்டிய விட்டு எறக்கிருவாக."

நம் ஸ்டோரில் இதற்குத் 'தேதி கொடுப்பது' என்றே பேர். எனக்கு முன்னால் இருந்தவர்களும் கொடுத்தார்கள். வண்டி புதன்கிழமை வந்தாலும், வர வேண்டிய திங்கள்கிழமையையே வந்த தேதியாக எழுதிவிடுவோம். ஸ்டோர் நிறையச் சரக்கு இருந்த காலம். இரண்டு நாள் முன்பின் ஆனால் யாருக்கும் தெரியாது. டிரைவருக்கு ஒரு உபகாரம், அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

ஆனால் என் விஷயத்தில் அது வெறும் உபகாரம் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். எனக்கு அப்போதே முதுகு போயிருந்தது. குனிந்து கேனைத் தூக்கினால் இடுப்பிலிருந்து கால் பெருவிரல் வரைக்கும் மின்சாரம் அடித்தது போல இழுக்கும். வெளியே சொன்னால் தூக்க முடியாதவனை ஸ்டோரில் எதற்கு வைத்திருப்பார்கள் என்று பயம். செல்வம் இதை ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டான். அன்றிலிருந்து, "நீங்க நில்லுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்று எல்லாக் கேனையும் அவனே இறக்கி, அவனே அடுக்கிவிட்டுப் போவான். டிரைவருக்கு அது வேலை இல்லை. அவன் என் முதுகை மறைத்தான், நான் அவன் தேதியை மறைத்தேன்.

மதுரை வண்டிக்காரர் வேறு மாதிரி. ஐம்பது வயது, முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. வண்டி பெரும்பாலும் சொன்ன நாளில் வந்துவிடும். திருவிழா நெரிசல், ரோடு மறியல் என்று எப்போதாவது ஒரு நாள் தள்ளும். முதல் தடவை அவர் அப்படி வந்தபோது, நான் கேட்காமலேயே நேற்றைய தேதியைப் போடப் போனேன். கையைப் பிடித்துவிட்டார்.

"இன்னைக்கித் தேதியப் போடுங்க."

"ஒங்களுக்கு நல்லதுதானேண்ணே."

"எனக்கு என்ன நல்லது? எங்க வண்டியில ஜிபிஎஸ் இருக்கு. அது ஒண்ணு சொல்லும், நீங்க ஒண்ணு சொல்லுவீங்க. நடுவுல நான் நிக்கணுமா? வந்தத வந்தாப்புல எழுதுங்க."

சரிதான், ரொம்பக் கறார் பேர்வழி என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு மட்டும் உள்ள தேதியைப் போட்டு வந்தேன்.

பிறகு மேடம் வந்தார், நோட்டுப் போய், விரலால் தொடுகிற டேப் என்கிற சின்ன கம்ப்யூட்டர் வந்தது. எனக்கு அது எளிதாகவே இருந்தது. காலண்டர் மாதிரி ஒரு படம் வரும், தேதியைத் தொட்டால் போதும், எத்தனை கேன் என்று எண்ணைப் போட்டால் போதும். கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் தமிழில் எழுதலாம் என்று மேடம் சொன்னார். நான் தொட்டதே இல்லை. எழுத்தைப் பார்த்து யாராவது சிரித்தால் என்ன செய்வது? எண்ணைத் தொடுவதோடு நிறுத்திக்கொண்டேன். 'தேதி கொடுப்பது' டேப்பிலும் தொடர்ந்தது.

அதற்கு அடுத்த வருஷம் நிர்வாகம் ஒரு ஏற்பாடு செய்தது. நம் டிரஸ்ட்டில் இருக்கிற எல்லா ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து ஒரு ஏஐ. எந்த சப்ளையரை நம்பலாம், எவர் காலை வாரிவிடுவார், எந்தச் சரக்கை எத்தனை நாளைக்கு இருப்பு வைக்க வேண்டும் என்று அது சொல்லும் என்றார்கள். அதற்குப் பழைய நோட்டுப் பதிவுகளையும் டேப் பதிவுகளையும் மொத்தமாகக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் திரையில் வண்ணங்கள் வந்தன. திருச்சிக் கம்பெனிக்குப் பச்சை. மதுரைக் கம்பெனிக்குச் சிவப்பு.

மேடம் டேப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அண்ணே, இது நாம எழுதுனத வச்சுத்தான் சொல்லுது. திருச்சிக்காரவுக ஒரு நாள் கூடத் தவறுனதில்லையாம். மதுரைக்காரவுகதான் அப்பப்பத் தவறுறாகளாம். நீங்கதான் நேர்ல வண்டியப் பாக்குறவுக. சரியாத்தான் சொல்லுதா?"

பக்கத்தில் நிர்வாகத்திலிருந்து வந்த இரண்டு பேர் நின்றார்கள். பேண்ட், சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. பச்சை தப்பு என்றால், ஏன் தப்பு என்று கேட்பார்கள். தேதியைச் சொன்னால் முதுகையும் சொல்ல வேண்டிவரும்.

தலையை ஆட்டினேன்.

நான் இந்த வேலையில் செய்த பெரிய தப்பு அந்தத் தலையாட்டல்தான். அந்தப் பிள்ளை திரையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. நேரில் பார்க்கிற ஆளைத் தேடி வந்து கேட்டது. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டது. நான்தான் பொய்யைச் சொன்னேன், வாயைத் திறக்காமலேயே.

அதற்குப் பிறகு மதுரைக்காரர்களுக்கு ஆர்டர் நின்றது. முழு ஆர்டரும் திருச்சிக்குப் போனது. நாள் தவறாத சப்ளையர் என்பதால் பத்து நாள் இருப்பு எதற்கு, மூன்று நாளுக்குப் போதும் என்று ஏஐ சொன்னது. அதுவும் நியாயம்தான். கேனுக்குக் காலாவதி உண்டு, ஸ்டோரில் இடமும் இல்லை. அடுக்குகள் காலியானபோது மேடம் சந்தோஷப்பட்டார். நான் மட்டும் மிச்சக் கேன்களைத் தினமும் எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் இருப்பு, இரண்டு நாள் தாமதம். ஒவ்வொரு தடவையும் செல்வம் புதன்கிழமை வருகிறபோது அன்றைக்கு ஓட்டுவதற்குத்தான் கேன் மிச்சம் இருக்கும். வண்டி உள்ளே வந்ததும் மூச்சு விடுவேன். விட்டுவிட்டு, மறுபடியும் திங்கள்கிழமையைத் தொடுவேன். புரட்டாசி போனது, ஐப்பசி போனது.

கார்த்திகையில் ஒரு வாரம் மழை விடாமல் பெய்தது. திங்கள்கிழமை வண்டி வரவில்லை. அது எனக்குத் தெரிந்ததுதான். செவ்வாய்க்கிழமை காதர் அண்ணன் வந்து, ஓட்டிவிட்டுப் போனார். புதன்கிழமை மதியம் வரைக்கும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு செல்வத்துக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, வண்டி இன்னும் லோடே ஏத்தல. மொதலாளி அங்கிட்டு வேற எடத்துக்கு அனுப்பிட்டாரு, நான் அங்க மழையில மாட்டிக்கிட்டேன். நாளைக்கி ராத்திரி, இல்லாட்டி வெள்ளிக்கிழம."

"செல்வம், இங்க கேன் இல்லப்பா."

"ஒங்ககிட்டதான் எப்பவும் நெறையா இருக்குமேண்ணே."

இருப்பைக் குறைத்ததை அவனுக்கு யார் சொன்னார்கள்? நான்கூடச் சொல்லவில்லை.

நாலு மணிக்கு மேடத்திடம் போனேன். அவர் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னண்ணே, ஒரு நாள் கூடத் தவறாத கம்பெனி, மழைக்கு மாட்டிக்கிட்டாக போல. காலைல வந்துரும்" என்றார்.

"மேடம், அவுக ஒரு தடவகூடத் திங்கக்கிழமை வந்ததில்ல."

அவருக்குப் புரியவில்லை. "என்ன சொல்றீங்க?"

"எப்பவும் புதன்கிழமைதான் வருவாக. நான் திங்கக்கிழமைன்னு போட்டு வச்சிருக்கேன்."

"எத்தன தடவ?"

"எல்லாத் தடவையும்."

மேடம் ஒரு காலிக் கேனின் மேல் உட்கார்ந்துவிட்டார். "நான் கேட்டப்பத் தலையாட்டுனீங்களே" என்றார்.

"ஆமா மேடம்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அதப் பெறகு பேசிக்கலாம். மதுரை டிரைவர் நம்பர் இருக்கா?"

"இருக்கு."

"போன்லயா?"

"இல்ல, மனசுல."

எண்களை மட்டும் நான் மறப்பதில்லை. சொன்னேன். மேடம் போன் போட்டார். மதுரையில் நமக்கு ஒதுக்கி வைத்த கேன் எல்லாம் வேறு ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டது, புதுச் சரக்கு ஏற்றி அனுப்ப வெள்ளிக்கிழமை மதியம் தாண்டிவிடும் என்றார்கள். ஆர்டர் சொன்னால் இரண்டு நாளில் வருகிறவர்கள் அவர்கள். நான் திங்கள்கிழமை வாயைத் திறந்திருந்தால் புதன்கிழமையே வண்டி வாசலில் நின்றிருக்கும்.

வியாழக்கிழமை மேடம் ஊரில் உள்ள மற்ற ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போன் போட்டு, கெஞ்சி, ஆட்டோவில் கொஞ்சம் கேன் வாங்கி வந்தார். டாக்டர் ஒவ்வொருவர் பேப்பராகப் பார்த்து, யாரால் காத்திருக்க முடியாதோ அவர்களுக்கு மட்டும், அதுவும் நேரத்தைக் குறைத்து ஓட்டச் சொன்னார். அவசரத்துக்கென்று ஒரு ஜோடிக் கேனைத் தனியே எடுத்து வைத்தார். வெள்ளிக்கிழமை முறை உள்ளவர்களைச் சனிக்கிழமை வரச் சொல்லி நர்ஸ்கள் போன் செய்தார்கள். கோட்டைப்பட்டினம் பக்கம் மழையில் டவர் போயிருந்தது. காதர் அண்ணனுக்கு மட்டும் சேதி போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வழக்கம் போல வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். முகம் வீங்கியிருந்தது.

"என்ன கேன் ராசா, சமஸ்தானத்துல பஞ்சமாமே?"

"மதியம் வந்துரும்ணே."

"வரட்டும் வரட்டும். கடல்ல காத்து மாறக் காத்துக் கெடந்தவன்தானே நான்."

ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்கு அவர் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். அவர் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, எல்லாம் எந் தப்புதான். நேத்துத் தாகமா இருக்குன்னாக. பாவமா இருந்துச்சு. ரெண்டு டம்ளர் கூடக் குடுத்துட்டேன். அதான் இப்படி மூச்சு வாங்குது" என்று கண்ணைத் துடைத்தார். உங்கள் தப்பு இல்லையம்மா, என் தப்பு என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பதினொன்றரைக்குக் கந்தர்வக்கோட்டையிலிருந்து ஒரு சின்ன வயதுப் பெண்ணை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். நினைவே இல்லை. அவசரத்துக்கு எடுத்து வைத்த அந்த ஜோடிக் கேன் அவளுக்குப் போனது. அது சரிதான், யாரும் தப்புச் சொல்ல முடியாது. இரண்டு மணிக்குக் காதர் அண்ணனால் படுக்க முடியவில்லை. ஆக்சிஜன் வைத்து, சாய்த்து உட்கார வைத்தார்கள். நான் கேட்டுக்கும் வார்டு கதவுக்கும் நடந்துகொண்டிருந்தேன். கதவின் கண்ணாடி வழியாக அவர் என்னைப் பார்த்தார். கையைத் தூக்க முயன்றார். நான் விலகிப் போய்விட்டேன்.

மூன்றேகாலுக்கு மதுரை வண்டி வந்தது. டிரைவர் இறங்கி, "கேட்டுல நேரம் போட்டாச்சு. எறக்குங்க" என்றார். மூன்று மாதம் ஆர்டர் இல்லாமல் விட்டோமே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் இரண்டு கையிலும் இரண்டு கேனைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு ஓடினேன். அவற்றை வைத்துவிட்டுத் திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கும்போது இடுப்பு முறிந்தது போல இருந்தது. சேற்றில் விழுந்தேன். எழ முடியவில்லை.

மதுரைக்காரர் என்னைத் தூக்கிச் சுவரோடு சாய்த்தார். "முதுகு போன ஆளு எதுக்குய்யா இந்த வேலையில நிக்கிறீங்க?" என்றார். பின்னாலேயே மேடம் நின்றார். மறைக்க இனி ஒன்றும் மிச்சம் இல்லை. மீதிக் கேன்களை அந்தக் கறார் மனிதர் ஒருவரே சுமந்தார்.

காதர் அண்ணன் பிழைத்தார். மூன்று நாள் ஐசியூவில் இருந்தார்.

சனிக்கிழமை மதியம் செல்வத்தின் வண்டி வந்தது. நான் இடுப்பில் பெல்ட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாளாகத் தூங்காத கண் அவனுக்கு. சட்டையெல்லாம் சேறு. வழக்கம் போலத் தலையைச் சொறிந்தான்.

"திங்கக்கிழமையப் போட்டுருங்கண்ணே."

டேப்பை எடுத்தேன். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சனிக்கிழமையைத் தொட்டேன்.

"என்னண்ணே?"

"வந்த தேதி."

"என்னைய எறக்கிருவாகண்ணே."

"தெரியும்ப்பா."

"நான் ஒங்களுக்கு எத்தன கேன் தூக்கியிருப்பேன்?"

என் இடுப்புப் பெல்ட்டைப் பார்த்தான். பிறகு போய்ப் பின்கதவைத் திறந்து, எல்லாக் கேனையும் அன்றைக்கும் அவனே இறக்கினான். அவனே அடுக்கினான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த மாதம் வேறு டிரைவர் வந்தார். ஒரு வருஷம் கழித்துக் கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் செல்வத்தைப் பார்த்தேன். தண்ணீர் லாரி ஓட்டுகிறானாம். "முதுகு எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டான்.

அந்த வாரத்துக்குப் பிறகு மேடமும் நானும் கேட் நோட்டுகளை அள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தோம். வாட்ச்மேன் எந்த வண்டிக்கும் தேதி கொடுத்ததில்லை. உள்ளே வந்த நாளும் நேரமும் அப்படியே இருந்தன. நான் படிக்க, மேடம் டேப்பில் ஒவ்வொன்றாகத் திருத்தினார். எல்லாம் முடிந்ததும் திரை மாறியது. பச்சை இருந்த இடத்தில் சிவப்பு, சிவப்பு இருந்த இடத்தில் பச்சை. இருப்பு பத்து நாள் வேண்டும் என்றது. இத்தனை நாள் ஏமாற்றினாயே என்று அது என்னிடம் கேட்கவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டது.

உங்களில் சிலர் அந்த ஏஐயைக் கிண்டல் செய்வதாகக் கேள்விப்பட்டேன். சிலர் அது சொன்னால் முடிந்தது என்கிறீர்களாம். இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். அது வண்டியைப் பார்த்ததில்லை. டிரைவரின் சேற்றுச் சட்டையைப் பார்த்ததில்லை. உங்கள் விரல் தொட்ட இடத்தை மட்டும் பார்க்கிறது. பச்சையைப் பார்த்தால், இதற்குத் தேதி போட்ட கை யாருடையது என்று கேளுங்கள். உங்களுடையதாக இருந்தால், அதை இன்னும் கூடுதலாகக் கேளுங்கள்.

இரக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் 'குறிப்பு' கட்டம் சும்மா இல்லை. 'டிரைவர் மேல் குற்றமில்லை, முதலாளி வண்டியை வேறு பக்கம் திருப்புகிறார்' என்று நான் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால், தேதியும் உண்மையாக இருந்திருக்கும், செல்வமும் வண்டியில் இருந்திருப்பான். என் எழுத்தைக் கண்டு கூச்சப்பட்டு ஒரு வரி எழுதாமல், எளிதாக ஒரு பொய்த் தேதியைத் தொட்டேன். அந்தக் கட்டத்தில் எழுதாமல் விட்டதைத்தான் இப்போது இத்தனை பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் பிழையோடு எழுதுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

நிர்வாகம் என்னை அனுப்பவில்லை. மேடம் பேசி, உட்கார்ந்து எண்ணுகிற வேலைக்கு மாற்றினார். முதுகு அதற்கும் இடம் கொடுக்காமல் போனபோது நானாக நின்றுகொண்டேன்.

காதர் அண்ணன் வார்டிலிருந்து வந்த பிறகு, அவரிடமும் அவர் மனைவியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாவிடம், "அந்த ரெண்டு டம்ளர் தண்ணியால இல்லம்மா" என்று முதலில் சொன்னேன். அவர் எழுந்து போய்விட்டார். நெடுநாள் என்னோடு பேசவில்லை. காதர் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவம் இல்லன்னு சொன்னா அது பொய்யி" என்றார். "ஆனா ஒண்ணு. இனிமே நான் வாரப்பல்லாம், கேன் வந்துருச்சான்னு கேப்பேன். உள்ளதச் சொல்லணும்."

அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் பெஞ்சில் உட்கார்வதற்கு முன்னால் கேட்பார். "வந்துருச்சா?" வந்திருந்தால் வந்துவிட்டது என்பேன். வராத நாளில், "இன்னும் வரலண்ணே, எட்டு நாளைக்கு இருக்கு" என்பேன். தலையை ஆட்டிவிட்டு உட்கார்வார். நான் வேலையை விட்ட பிறகு, இதை எழுதப்போவது தெரிந்து, "எம் பேர மாத்தாம எழுதுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் அவர் இறந்துபோனார். வீட்டில், தூக்கத்தில். நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். நான் மேடத்துக்குப் போன் போட்டு, அந்த வெள்ளிக்கிழமைதான் அவர் நெஞ்சைக் கெடுத்ததா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்து, "தெரியலண்ணே. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டாக்டருக்கே சொல்லத் தெரியாது" என்றார். அப்படிச் சொன்னதற்காக இன்னும் அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை. இதில் சொல்லிவிடுகிறேன்.

கோட்டைப்பட்டினம் போயிருந்தபோது அந்த அம்மா எனக்கு ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.

அதற்குப் பிறகு பேனாவைத் தொட மனம் வரவில்லை. பொங்கலுக்குள் தருவதாகச் சொன்னது தவறிவிட்டது. நேற்று மேடம் போன் செய்து, "பரவால்லண்ணே, பொங்கத் தேதியே போட்டுக் குடுங்க, ஃபைல்ல வச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னது என்னவென்று உறைத்து, அவரே நிறுத்திக்கொண்டார்.

நான் எழுதி முடித்தது இன்றைக்குத்தான்.

இப்படிக்கு,
கருப்பையா

21-02-2025, வெள்ளிக்கிழமை.